வாசகர் கேள்வி பதில்: தலைகீழாக விழுந்த ஒன்பது

1974 பொங்கலுக்குத் தருமபுரியில் ஒரு புத்தகம் வெளிவந்தது. கணிப்பொறி பிறந்து வளர்ந்த கதை, 240 பக்கம். எழுதியவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். கைக்காசைப் போட்டு ஆயிரம் பிரதி அடித்தார். அதைத்தான் இந்த வருடம் தை மாதம் மறுபடி அச்சிட்டேன். இந்தப் பத்திரிகையில் அதைப் பற்றிச் சின்னதாக ஒரு செய்தி வந்தது. அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு பெரிய உறையில் போட்டு, "நீங்களே பதில் எழுதிவிடுங்கள்" என்று எனக்கு அனுப்பிவிட்டார். நான் அச்சகக்காரன், எழுத்துக்காரன் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

*

ஐயா, புத்தகத்தை வாங்கிப் படித்தேன். 'உலகின் முதல் மின்னணுக் கணிப்பொறி எனியாக்' என்று இருக்கிறது. அதற்கு முன்பே வந்த கொலோசஸ் பற்றி ஒரு வரி இல்லை, அட்டனாசாஃப் பெயரே இல்லை. பாபேஜ் வரைந்த இயந்திரம் 'இன்றுவரை முழுதாக உருவாகவில்லை' என்கிறார். தவறு என்று தெரிந்தும் ஏன் அப்படியே அச்சிட்டீர்கள்?
- மென்பொருள் பொறியாளர், ஓசூர்

இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்பே என் மருமகன் கேட்டுவிட்டான். கேட்டதோடு நிற்காமல், சிவப்பு மையில் திருத்திய ஒரு பிரதியையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

வாத்தியார் எழுதிய காலத்தைப் பாருங்கள் தம்பி. கொலோசஸ் என்ற கணிப்பொறி 1944 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்தது. அதை உருவாக்கிய டாமி ஃபிளவர்ஸ் அந்த நாட்டு அஞ்சல் துறைப் பொறியாளர். போர் முடிந்ததும் ஆவணங்களை எரிக்கச் சொன்னார்கள், எரித்தார். விஷயம் வெளியே வந்தது 1970களின் நடுவில். லண்டனில் இருந்தவர்களுக்கே தெரியாத சங்கதி தருமபுரி வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அட்டனாசாஃப் விவகாரம் இன்னும் வேடிக்கை. எனியாக்கின் காப்புரிமை செல்லாது, அதன் அடிப்படைக் கருத்துகள் அட்டனாசாஃபிடமிருந்து வந்தவை என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 1973 அக்டோபர் 19. அன்றைக்கு இங்கே நாலாவது ஃபாரம் (சேர்ந்து அச்சாகும் 16 பக்கம்) மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. பாபேஜ் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணிதர். அவருடைய இரண்டாவது வித்தியாசப் பொறி என்ற கணக்கு இயந்திரத்தை, அவர் வரைபடத்தை வைத்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் செய்து முடித்தது 1991இல். அதே வருடம்தான் வாத்தியார் காலமானார்.

ஆக, அவர் எழுதியது தவறு என்று நான் நினைக்கவில்லை. 1974இல் இந்த ஊரில் ஒருவருக்குக் கணிப்பொறி பற்றி எவ்வளவு தெரிந்திருக்க முடியும் என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி. அந்தச் சாட்சியைக் கலைக்க நான் யார்? அந்த வரியை நான் திருத்தினால், 1974இல் ஒருவர் கொலோசஸைப் பற்றித் தமிழில் எழுதினார் என்று நாளைக்கு யாராவது ஆய்வுக் கட்டுரையில் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

அதற்காகச் சும்மாவும் விடவில்லை. கடைசியில் 14 பக்கம் குறிப்புகள் சேர்த்திருக்கிறேன். எழுத்துரு வேறு, 'மறுபதிப்பில் சேர்த்தவை' என்று தலைப்பும் உண்டு. நீங்கள் சொன்ன மூன்றும் அதில் இருக்கின்றன. ஓசூர் பேருந்திலேயே படித்து முடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்குள் தொப்பூர் கணவாய் வந்துவிட்டதோ என்னவோ. (ஓசூருக்குப் போகும் வழியில் தொப்பூர் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் தூங்கிப்போனவனைத் 'தொப்பூர் போய்விட்டான்' என்று என் பழைய முதலாளி கேலி பேசுவார்.)

அச்சுப் பிழை வேறு விஷயம். பழைய பதிப்பில் எனியாக்கை மக்கள் முன் காட்டிய ஆண்டு 1646 என்று இருந்தது. பிரெஞ்சுக் கணிதர் பாஸ்கல் தம் கணக்குப் பெட்டியைச் செய்தது 1642. நாலே வருடத்தில் 30 டன் எனியாக் வந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. சரியான ஆண்டு 1946. இதைத் திருத்தினேன், திருத்தியதாகக் குறிப்பும் போட்டேன். ஏனென்றால் இது வாத்தியார் பிழை இல்லை, ஈய எழுத்துக் கோத்த கம்பாசிட்டர் பிழை. அந்தக் கம்பாசிட்டர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

*

ஆசிரியர் எழுதியதைத் தொடமாட்டேன் என்கிறீர்கள். ஆனால் பழைய பதிப்பில் இருந்த பழைய லை, னை, றா எல்லாவற்றையும் புது எழுத்தாக மாற்றியிருக்கிறீர்களே, அது மட்டும் என்ன நியாயம்?
- தமிழாசிரியை, அரூர்

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை வந்தது. 13 எழுத்துகள் உருவம் மாறின. அதுவரை லை, ளை, னை, ணை எல்லாம் தும்பிக்கை தூக்கிய யானை மாதிரி ஒற்றை அச்சாக எங்கள் கேஸில் (அச்செழுத்து வைக்கும் பெட்டி) தனிக்குழியில் கிடக்கும். ஆணை வந்த பிறகு அந்தக் குழிகளைக் காலி செய்து, ஈயத்தை எடைக்குப் போட்டோம்.

வாத்தியார் கையெழுத்துப் பிரதியில் எழுதியது 'லை' என்ற ஒலியை. அதற்கு எந்த உருவம் என்று முடிவு செய்தது எங்கள் கேஸ். எழுத்தின் உருவம் என் தொழில், வாக்கியம் அவருடையது. கோடு அங்கேதான் போட்டேன். அவர் 'துளை அட்டை', 'காந்த உருளை' என்று எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது. 'கணிப்பொறி' என்று எழுதியதை 'கணினி' ஆக்கச் சொன்னார்கள். ஆக்கவில்லை. ஓரிடத்தில் 'மின்மூளை' என்றுகூட எழுதியிருக்கிறார். அதையும் தொடவில்லை. உங்களுக்கு நியாயம் போதவில்லை என்றால் திட்டி இன்னொரு கடிதம் போடுங்கள்.

*

என் அப்பா பள்ளி மாணவர்களுக்காகக் கணிப்பொறி வரலாறு எழுதினார். 1986இல் சென்னையில் ஒரு பதிப்பகம் வெளியிட்டது. அந்தப் பதிப்பகம் இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. அச்சில் இல்லாத புத்தகம்தானே, நான் எடுத்துப் போடலாமா? பதிப்பகத்தாரின் வாரிசு யாராவது வழக்குப் போடுவார்களா?
- கிருஷ்ணகிரி வாசகர்

அச்சில் இல்லை என்பதால் உரிமை போய்விடாது. உங்கள் விஷயத்தில் அது உங்களுக்கு நல்லது. நம் சட்டப்படி எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம் உரிமை உயிரோடு இருக்கும். எங்கள் வாத்தியார் 1991இல் தவறினார், அதனால் 2051 டிசம்பர் முடிய அவர் வாரிசுகளுக்கு.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறப்பது. பதிப்பகம் எழுதிய கடிதம், ஒப்பந்தம், ராயல்டி ரசீது, எதுவானாலும் எடுத்து வையுங்கள். 'முதல் பதிப்புக்கு மட்டும்' என்றோ 'ஆயிரம் பிரதிக்கு' என்றோ இருந்தால் அதற்கு மேல் உரிமை அப்பாவிடமே நின்றுவிட்டது. 'முழு உரிமையும் விற்றுவிட்டேன்' என்று கையெழுத்திட்ட தாள் கிடைத்தால் மட்டும் ஒரு வக்கீலைப் பாருங்கள். உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாய்ச்சொல் எடுபடாது.

அடுத்தது வாரிசுகள். நீங்கள் ஒருவர் மட்டும்தானா? வாத்தியாருக்கு மகள் பாலக்கோட்டில், ஒரு மகன் பெங்களூரில். இன்னொரு மகன் தவறிவிட்டார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மொத்தம் ஐந்து கையெழுத்து வாங்கினேன். நாலு சுலபமாகக் கிடைத்தது. ஐந்தாவதுக்கு எட்டு மாதம். அந்தப் பையனுக்கு மறுப்பு ஒன்றும் இல்லை, 'அடுத்த வாரம் பார்க்கலாம் அங்கிள்' என்பதுதான் பதில். கடைசியில் பாலக்கோட்டு அத்தை போனில் இரண்டு வார்த்தை பேசினார். மறுநாளே கையெழுத்தோடு வந்து நின்றான்.

ஒப்பந்தம் எழுதும்போது எத்தனை வருடம், எந்த எல்லை, மின்நூலும் சேர்ந்ததா, ராயல்டி எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். வருடம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் பத்து வருடம் என்று எழுதினேன். அதற்குள் நான் போய்விட்டால் உரிமை அவர்களிடம் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். என் பையனுக்கு இந்தத் தொழிலில் பிடிப்பு இல்லை.

வாரிசே அகப்படவில்லை என்று வேறு இருவர் எழுதியிருக்கிறீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, மனுப் போட்டு உரிமம் வாங்க வேண்டும். நீண்ட வழிதான்.

*

என்னிடம் ஒரே ஒரு பழைய பிரதி இருக்கிறது. அதை மட்டும் வைத்து மறுஅச்சு செய்ய முடியுமா?
- நூலகப் பணியாளர், பாலக்கோடு

முடியும். ஆனால் செய்யாதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

என் கையிலிருந்த பிரதியை ஸ்கேன் செய்து, பாதிவரை தட்டச்சும் ஆகிவிட்டது. 96ஆம் பக்கத்துக்கு அடுத்து 113 வந்தது. புரட்டினால் 113 முதல் 128 வரை இரண்டு தடவை இருக்கிறது. ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம் என்று கணக்குப் போடுங்கள், 97 முதல் 112 வரை ஏழாவது ஃபாரம். பைண்டர் ஏழாவதை விட்டுவிட்டு எட்டாவதை இரட்டையாகச் சேர்த்துத் தைத்துவிட்டார். ஐம்பது வருடமாக அந்தப் பிரதி என் அலமாரியில் இருந்தது, நான் பார்க்கவே இல்லை. படிக்காமல் வைத்திருந்தேன் என்பது இப்படி வெளியே வந்தது.

காணாமல் போன அந்தப் பதினாறு பக்கம்தான் புத்தகத்தின் உயிர். நம் நாட்டுக் கணிப்பொறிகளைப் பற்றியது. கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்துக்கு 1955இல் இங்கிலாந்திலிருந்து ஹெக்-2எம் என்ற கணிப்பொறி வந்தது, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் ஆட்களே டிஃப்ராக் என்ற கணிப்பொறியைச் செய்தது, எல்லாம் அதில். டிஃப்ராக்குக்குள் 2,700 வால்வு, 1,700 ஜெர்மானியம் டையோடு, 12,500 ரெசிஸ்டர் என்று மின் உறுப்புகள். பதினெட்டடி நீள இரும்புச் சட்டத்தில் நின்றது அந்த இயந்திரம். "எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறையை இடித்தால் வைக்கலாம்" என்று வாத்தியார் எழுதியிருக்கிறார்.

இன்னொரு பிரதிக்காக ஏழு மாதம் அலைந்தேன். புத்தகம் வெளியானால் சென்னை கொன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954இலேயே சட்டம் வந்துவிட்டது. வாத்தியார் அனுப்பவில்லை, என் முதலாளியும் ஞாபகப்படுத்தவில்லை. கடைசியில் காவேரிப்பட்டணத்தில் ஒரு மாந்தோப்பு வீட்டில் கிடைத்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பிரவுன் தாளில் அட்டை போட்டு, முதுகில் மார்க்கரில் பெயர் எழுதி வைத்திருந்தார். புத்தகத்தை வெளியே தரமாட்டேன் என்றார். திண்ணையில் உட்கார்ந்து போனில் படம் எடுத்தேன். போகும்போது ஒரு பை மாம்பழம் கொடுத்தார். கொலோசஸ் செய்தவர் அவர் இலாகா ஆள் என்று நான் சொன்னதும்தான் அவ்வளவு உபசாரம் என்று நினைக்கிறேன்.

படங்கள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய பதிப்பின் படங்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி பிளாக் (படம் அச்சடிக்கும் உலோகத் தகடு) எடுத்தவை. அச்சான படம் புள்ளி புள்ளியாக இருக்கும், மறுபடி ஸ்கேன் செய்தால் புள்ளிகள் புள்ளிகளோடு மோதி, படத்தின் மேல் பட்டுச்சேலை நெளிவு மாதிரி ஓடும். உரிமையும் யாரிடம் என்று தெரியாது. எனியாக்குக்கு அமெரிக்க ராணுவம் எடுத்த படம் போட்டேன், அந்த அரசாங்கப் படங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. பாபேஜுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செதுக்கோவியம். டிஃப்ராக்குக்கு எங்கள் ஊர் ஓவிய ஆசிரியர் ஒரு கோட்டோவியம் போட்டுக் கொடுத்தார். அளவு தெரிய வேண்டும் என்று பக்கத்தில் ஒரு வாத்தியாரையும் நிற்க வைத்துவிட்டார்.

*

தாத்தா, 'துளை அட்டை' என்றால் எப்படி இருக்கும்? எங்கள் சாருக்கும் தெரியவில்லை.
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, பென்னாகரம்

கண்ணு, போன வருடம் வரை நானும் பார்த்ததில்லை. அந்தக் காவேரிப்பட்டணம் பிரதிக்குள் ஒன்று பக்க அடையாளமாகச் செருகியிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை 1970களில் சென்னை ஐஐடியில் படித்தாராம். அங்கே 1973இல் ஐபிஎம் 370 என்ற பெரிய கணிப்பொறி வந்தது.

மணியார்டர் பாரத்தைவிடக் கொஞ்சம் தடித்த தாள். நீளம் ஏழே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அகலம் மூன்றே கால். குறுக்கே 80 பத்தி, ஒவ்வொன்றிலும் ஓட்டை போட 12 இடம். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து. உன் பெயர், அப்பா பெயர், ஊர் எழுதவே பாதி அட்டை காலி. கணக்குப் போடுகிற ஆணைகளை ஓர் அட்டைக்கு ஒரு வரியாக ஓட்டை போட்டு, கட்டாக அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் ஒரு நாள் வேலை போச்சு.

இந்த ஓட்டை வித்தை கணிப்பொறிக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. தறியில் பூ வேலைக்கு ஜக்கார்டு அட்டை போடுகிறார்களே, அதுதான் தாய். பிரான்சில் 1804 வாக்கில் வந்தது. உங்கள் பக்கத்தில் யாராவது தறிக்காரர் இருந்தால் போய்ப் பார்.

அட்டையின் மேல் இடது மூலை சாய்வாக வெட்டியிருந்தது. எதற்கு என்று ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. ஒரு கட்டில் ஒரே ஓர் அட்டை தலைகீழாக இருந்தாலும் மூலை துருத்திக்கொண்டு காட்டிக்கொடுக்கும். எங்கள் ஈய எழுத்திலும் இதே உபாயம் உண்டு. ஒவ்வோர் அச்சின் உடம்பிலும் ஒரு பக்கம் சின்னப் பள்ளம் இருக்கும், 'நிக்' என்போம். கம்பாசிட்டர் எழுத்தைப் பார்ப்பதில்லை, கட்டைவிரல் அந்தப் பள்ளத்தைத் தடவி நேராக வைத்துவிடும். விரல் அசந்தால் எழுத்து கவிழும். மற்ற எழுத்து கவிழ்ந்தால் புரூஃபில், அதாவது சரிபார்க்க எடுக்கும் தாளில், பளிச்சென்று தெரியும். 9 கவிழ்ந்தால் 6.

அந்தப் புத்தகம் கோத்தபோது எனக்குப் பதினேழு வயது. எனியாக் வருகிற பக்கத்தைக் கோத்தது நான். அன்றைக்கு விரல் எதை நினைத்துக்கொண்டிருந்ததோ. வாத்தியார் புத்தகம் வந்த பிறகு பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொடுக்க வேண்டிய பிரதிகளில் எல்லாம் பேனாவால் 6க்கு மேல் 9 என்று எழுதிக் கொடுத்தார். காவேரிப்பட்டணம் பிரதியில் அந்த நீல மை இன்னும் இருக்கிறது.

*

என்னிடம் 1998இல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த புத்தகங்களின் ஃபைல்கள் இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. மறுபடி தட்டச்சு செய்வதுதான் வழியா?
- டிடிபி நிலையம் நடத்துபவர், ஊத்தங்கரை

வேண்டாம் சார். அந்தக் காலத்து எழுத்துரு ஒவ்வொன்றும் தனிக் கட்சி. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துவிட்டார்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் யூனிகோடு (எல்லாக் கணிப்பொறிக்கும் பொதுவான எழுத்து முறை) மாற்றியில் போட்டு எடுக்கலாம். மாற்றிய பிறகு 'கொ', 'கோ' வரும் இடங்களை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். பழையதில் முதலில் ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ, பிறகு 'க', பிறகு கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் 'க' முதலில், உயிர்க்குறி பின்னால். வரிசை புரளும்போது கொம்பு பக்கத்து எழுத்தின் மேல் ஏறிவிடும்.

எனக்கு அந்த வசதியும் இல்லை. படத்திலிருந்து எழுத்தெடுக்கும் மென்பொருளில் போட்டேன். துணைக்கால் வந்த இடத்தையெல்லாம் 'ர' என்று வாசித்தது, பாபேஜ் 'பரபேஜ்' ஆனார். பழைய லை, னை வந்த இடங்களில் அது திணறியதைப் பார்த்துவிட்டுக் கையாலேயே அடிக்கச் சொன்னேன். நல்லம்பள்ளியிலிருந்து வரும் பெண் ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம். பிறகு அவள் பழைய பிரதியைக் கமா, புள்ளியோடு உரக்க வாசிக்க, நான் புதியதைப் பார்த்துக்கொண்டே வர, இரண்டு சுற்று.

*

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்க எவ்வளவு செலவு?
- அதியமான்கோட்டை வாசகர்

இலவசம். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

எத்தனை பிரதி போட்டீர்கள்? நூலக ஆணை கிடைக்குமா?
- சிறு பதிப்பாளர், தேன்கனிக்கோட்டை

முந்நூறு. அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணையை நம்பி ஆயிரம் போட்டு, கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் என் கண் முன்னாலேயே மூன்று பேர். வந்தால் வரட்டும். விற்கிற அளவு மட்டும் அடியுங்கள், தீர்ந்தால் டிஜிட்டலில் ஐம்பது ஐம்பதாக எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும், ஆனால் தூக்கம் வரும். இந்தத் தடவை கொன்னிமாராவுக்கும் கல்கத்தாவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

*

101ஆம் பக்கத்தில் டிஃப்ராக் 1956 என்றும், 104இல் 1959 என்றும் இருக்கிறது. 110ஆம் பக்கத்தில் ஐஐடி கான்பூருக்கு ஐபிஎம் 1620 கணிப்பொறி வந்தது 1993 என்கிறது. எது சரி?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பாப்பாரப்பட்டி

முதல் இரண்டும் சரி சார். 1956இல் ஓடியது சிறிய சோதனை இயந்திரம், 1959இல் முடிந்தது முழு இயந்திரம். 1960இலிருந்து வேலைக்கு வந்தது. டிஃப்ராக் என்ற பெயர் 1962இல் நேரு வைத்தது.

மூன்றாவது 1963. பழைய பிரதியை எடுத்துப் பார்த்தேன், அதில் சரியாக இருக்கிறது. இரண்டு சுற்றுப் புரூஃப் பார்த்தும் என் கண்ணில் படவில்லை. நல்லம்பள்ளிப் பெண்ணிடம் கேட்டேன். கீபோர்டில் எண்கள் இருக்கும் பக்கத்தைக் காட்டினாள். 9க்கு நேர் கீழே 6.

பிழைச்சீட்டு அடித்தாயிற்று. புத்தகம் வாங்கியவர்கள் அச்சகத்துக்கு வந்தால் ஒட்டித் தருகிறேன். வர முடியாதவர்கள் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள், நீல மை போதும்.